தடித்த எழுத்தில் ஒரு புள்ளிக்கோடு

உட்காருங்கள் தோழரே. சாக்கை நகர்த்த வேண்டாம், அதன்மேலேயே காலை வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம்தான். நான் எழுதியது. மிதித்தால் ஒன்றும் ஆகாது, போலீஸ் பூட்ஸே மிதித்த எழுத்து என்னுடையது. ஆனால் இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள். இடது காது கேட்காது. எண்பத்து நான்கில் போனது.

தோழர் என்றதும் சுற்றிப் பார்க்கிறீர்களே, உங்களைத்தான் சொன்னேன். நான் யாரையும் சார் என்று கூப்பிட்டதில்லை. ஐயா கிடையாது, அண்ணாச்சி கிடையாது. மில் மேனேஜரையே 'மேனேஜர்' என்றுதான் கூப்பிட்டேன். எனக்கு எல்லாரும் தோழர்கள். ஒரே ஒருத்தனைத் தவிர. அவனைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். வள்ளியூரில் இறங்க வேண்டும். நீங்கள் நாகர்கோவிலா? நல்லது, நேரம் இருக்கிறது.

அதோ முன்னால், டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில், மடியில் மஞ்சள் பையோடு இருக்கிறாளே, அவள் என் துணைவி கோமதி. மனைவி என்று நான் சொல்வதில்லை. துணைவி. கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி வரை என் பக்கத்தில்தான் இருந்தாள். இங்கே பஸ் மாறியதும், "நான் முன்னால உக்காந்துக்கிடுதேன்" என்று போய்விட்டாள். காற்று வேண்டுமாம். பையில் கருப்பட்டி மிட்டாய் இருக்கிறது. யாருக்கு என்று கேளுங்கள். நான் பார்க்கப்போகிற அந்தத் துரோகிக்கு. "பல்லு இருக்கோ என்னவோ, இதுன்னா மெத்துன்னு இருக்கும்" என்கிறாள். துரோகிக்குப் பல் இருந்தால் என்ன, போனால் என்ன?

என் பெயர் ஆவுடையப்பன். 'நெருப்பு' ஆவுடையப்பன் என்று சுவரில் எழுதுவார்கள். கேள்விப்பட்டதில்லையா? உங்களுக்கு என்ன வயது? நாற்பத்தைந்தா? அப்படியென்றால் சரி. வயது போதாது.

நான் ஐந்தாம் வகுப்பு. மீதியெல்லாம் துண்டுப் பிரசுரத்தில் படித்தது. உபரி மதிப்பு என்றால் என்ன என்பதை ஒரு மஞ்சள் நோட்டீஸில் படித்தேன். பிரெஞ்சுப் புரட்சியை ஒரு பச்சை நோட்டீஸில் படித்தேன். பச்சை நோட்டீஸின் கடைசித் தாள் கிழிந்திருந்ததால் அந்தப் புரட்சி எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியவும் வேண்டாம். தொடங்கினார்களா இல்லையா, அதுதான் முக்கியம். அறுபத்தைந்தில் ரயில்வே ஸ்டேஷன் பலகையில் இந்தி எழுத்தின்மேல் தார் பூசியபோது எனக்குப் பதினேழு வயது. ஆக, எழுத்தோடு எனக்கு முதல் உறவே அழித்ததுதான். பிறகுதான் எழுதக் கற்றுக்கொண்டேன். எங்கள் நூல் மில்லில் இருபது வருடம் வந்த நோட்டீஸ் எல்லாம் என் கை. சொன்னால் கர்வம் என்பார்கள். கர்வம்தான்.

எண்பத்து நான்கில் வேலைநிறுத்தம் செய்தோம். மில்லுக்குக் கதவடைப்பு அறிவித்தார்கள். பத்தொன்பதாம் நாள் என்னைக் கைது செய்தார்கள். தொழிற்சங்கத்துக்கு நான் தலைவன், ஞானதுரை செயலாளர். ஞானதுரை, அதுதான் அவன் பெயர். நான் உள்ளே இருந்தபோது, நாற்பத்தொன்றாம் நாள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். கேட்டதில் பாதிதான் கிடைத்தது. ஆறாவது ஷரத்து, வழக்குகள் வாபஸ். அதில் என்னை வெளியே விட்டார்கள். யார் கேட்டது தோழரே? என்னை விடு என்று நான் மனுப் போட்டேனா? மனுப் போட்டது கோமதி. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த மனுவுக்காகத்தான் ஞானதுரை அவளுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தான். மூன்று எழுத்து. இன்றைக்கும் அந்த மூன்று எழுத்துதான் அவளுக்குத் தெரியும். நான் கற்றுக்கொடுத்திருக்கலாமே என்கிறீர்களா? எனக்கு நேரம் ஏது? ஊருக்கே எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

வெளியே வந்த அன்றே அவனைத் துரோகி என்று அறிவித்தேன். ஒரு வாரத்தில் எனக்கு ஒரு கடிதம் எழுதினான். நான் பதில் போடவில்லை. அப்புறம் மில்லை விட்டு மகன் வீட்டோடு வள்ளியூர் போய்விட்டான். முப்பத்தொன்பது வருடமாக அவனோடு பேச்சு இல்லை. அந்தக் கடிதத்தை என் ஜெயில் விடுதலைச் சீட்டோடு சேர்த்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தேன். ஆதாரம் அல்லவா? கோமதிக்கு அதை நான் படித்துக் காட்டியதில்லை. அசுத்தமான வார்த்தைகளை நான் வீட்டில் வாசிப்பதில்லை.

இந்த வரலாற்றைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று பத்து வருடமாக எழுதினேன். பதிப்பகம் பதிப்பகமாக அனுப்பினேன். ஒருவர், 'கொஞ்சம் கோபத்தைக் குறைத்தால் நாற்பது பக்கத்தில் முடிந்துவிடும்' என்று எழுதினார். சரி, நாமே போடுவோம் என்று முடிவு செய்தேன். 'நாற்பத்தொரு நாள்: ஒரு துரோகத்தின் வரலாறு'. ஐந்நூறு பிரதி. மே தினத்தில் வெளியீடு.

எங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டைப்பிங் கடை வைத்திருக்கிறாள் நஸீமா என்று ஒரு அம்மாள். நன்றாக வேலை செய்வாள். ஆனால் வாய்! தோழர் என்று கூப்பிடு என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். "சரிங்க ஐயா" என்பாள்.

"என்ன எழுத்து வேணும் ஐயா?" என்று கேட்டாள். அதென்ன கேள்வி, தமிழ் எழுத்துதான் என்றேன். அப்போதுதான் காட்டினாள். 'தமிழ்நாடு' என்று அடித்து, திரையில் கீழே கீழே நாற்பது விதமாக ஓடவிட்டாள். எனக்குத் தலை சுற்றியது தோழரே. ஒரு நாட்டுக்கு இத்தனை முகமா?

ஒன்று சாய்ந்திருந்தது. வேண்டாம் என்றேன்.

"ஏன் ஐயா, அழகாத்தான இருக்கு?"

"சாய்கிற எழுத்து எந்தப் பக்கமும் சாயும்."

அடுத்தது, கொம்பும் சுழியும் கொடி மாதிரி சுருண்டு கிடந்தது. முதலாளி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. வேண்டாம். அடுத்தது, நூல் மாதிரி மெலிந்து, எலும்பும் தோலுமாக. "இது பட்டினி கிடக்கிற எழுத்து" என்றேன். "அப்ப இதான் உங்க புத்தகத்துக்குப் பொருத்தம்" என்றாள். பார்த்துக்கொள்ளுங்கள், இப்படிப்பட்டவளோடு நான் மூன்று மாதம் வேலை செய்தேன்.

கடைசியில் நானே ஒரு எழுத்தைக் கொண்டுபோனேன். செங்குரல் என்று பெயர். இருபது வருடத்துக்கு முன்னால் சுவரொட்டிக்கென்றே ஒரு தோழர் உருவாக்கி, சி.டி.யில் போட்டுச் சங்கத்துக்குக் கொடுத்தார். அதன் ழகரத்தை நீங்கள் பார்க்க வேண்டும். முஷ்டி மடக்கியது போல இருக்கும். ஒவ்வொரு எழுத்தும் காலை அகட்டி நிற்கும்.

நஸீமா அதைப் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "ஐயா, இது பழைய காலத்து எழுத்துரு. இதுக்கு உள்ளுக்குள்ள இருக்கதெல்லாம் இங்கிலீஷ் எழுத்து. மேல தமிழ்ச் சட்டை போட்டிருக்கு, அவ்வளவுதான். இந்தச் சட்டை இல்லாத கம்ப்யூட்டருக்குப் போனா இங்கிலீஷாவே நிக்கும். யூனிகோடுல அடிச்சுருவோம். அதுன்னா உள்ளயும் தமிழ், வெளியயும் தமிழ். எங்க போனாலும் மாறாது."

"எனக்கு உள்ளே இங்கிலீஷா? அம்மா, நான் தார் பூசியவன்!"

"உங்களுக்கு இல்ல ஐயா, எழுத்துக்கு."

"நான் வேறு, என் எழுத்து வேறா?"

யூனிகோடு என்பதை யார் தீர்மானித்தது, எந்த நாட்டில் உட்கார்ந்து தீர்மானித்தார்கள் என்று கேட்டேன். "டீ சாப்பிடுதீங்களா ஐயா?" என்றாள். வாதத்தில் தோற்றவர்கள் டீ வாங்கிக்கொடுப்பார்கள். மில் மேனேஜரும் வாங்கிக்கொடுத்திருக்கிறார்.

ஆகவே செங்குரல். முழுப் புத்தகமும் செங்குரல், முழுவதும் தடித்த எழுத்து. "எல்லாமே தடிச்சிருந்தா எதுவும் தடிச்சதாத் தெரியாது ஐயா" என்றாள். "எல்லாரும் கத்தினால்தான் அம்மா அது கோஷம்" என்றேன்.

ஞானதுரையின் கடிதத்தையும் சேர்க்கச் சொன்னேன். அது என் நேர்மை. வரலாறு என்றால் எதிரியின் ஆவணமும் இருக்க வேண்டும். ஆனால் எந்த எழுத்தில், எந்த அளவில் என்பது என் உரிமை. "கம்ப்யூட்டர் வாங்கும்போது இனாமாக வருகிற எழுத்து எது? அதில் போடு. எட்டுப் பாயிண்ட்" என்றேன். துரோகிக்குச் செங்குரலா கொடுப்பேன்? அவள் அந்தக் கடிதத்தை அடித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இவரு இப்ப இருக்காரா ஐயா?" என்று கேட்டாள். "இருக்கிறான்" என்றேன். "போய்ப் பாத்தீங்களா?" என்றாள். பாருங்கள், வேலைக்குச் சம்பந்தமில்லாத கேள்வி.

அந்தக் கடிதத்தில் ஒரு பொய் இருக்கிறது தோழரே. ஒப்பந்தத்தை முடிக்கச் சொல்லி அவனிடம் வந்தவர்களில் 'உனக்கு மிகவும் வேண்டிய ஒருவரும் உண்டு' என்று எழுதியிருக்கிறான். எனக்கு வேண்டியவர்! என்னிடம் முகம் பார்த்துப் பேசிவிட்டு அவன் வீட்டுப் படி ஏறுகிற ஆள் என் பக்கத்தில் யார் இருக்க முடியும்? முப்பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு ஆளாக நினைத்துப் பார்த்துவிட்டேன். இரண்டு பேரோடு அந்தச் சந்தேகத்திலேயே பேச்சை நிறுத்தினேன். பாவம், இரண்டு பேரும் செத்துவிட்டார்கள்.

அதனால் கடிதம் முடிந்த அடுத்த பக்கத்தில், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், நேருக்கு நேர் சவால் விட்டேன். 'யார் அந்த வேண்டிய ஒருவர்? பெயரைச் சொல். சொல்லாவிட்டால் நீ பொய்யன். உனக்காக இந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.' அதற்குக் கீழே ஒரு புள்ளிக்கோடு. மனுவில் விடுவோமே, அதுபோல. பதினெட்டுப் பாயிண்ட், தடித்தது.

"புள்ளிக்கோட்டுக்குமா ஐயா தடிச்ச எழுத்து?"

"புள்ளிக்கோட்டுக்குத்தான்."

எல்லாம் முடிந்தது. சிவகாசியில் ஒரு அச்சகம் பேசியிருந்தேன். நஸீமா சொன்னாள், "ஐயா, பி.டி.எஃப். ஆக்கித் தாரேன். அதுக்குள்ள உங்க செங்குரலையும் வச்சுத் தைச்சு, பூட்டிருவேன். அதுக்கப்புறம் யாரும் ஒரு எழுத்தைத் தொட முடியாது."

பூட்டு! என்னிடம் வந்து பூட்டு என்கிறாள். கதவடைப்புக்கு எதிராக நாற்பத்தொரு நாள் நின்றவனிடம். "என் புத்தகத்துக்கே கதவடைப்பா? திறந்த ஃபைலாகக் கொடு" என்றேன். "ஐயா, அது வேற பூட்டு" என்றாள். எல்லாப் பூட்டும் ஒன்றுதான். தவிர, அச்சகத்துக்குப் போனபிறகும் நாலு இடத்தில் திட்டைச் சேர்க்க வேண்டியிருந்தது. பென்டிரைவில் திறந்த ஃபைலாகவே வாங்கிக்கொண்டு நானே சிவகாசி போனேன்.

அச்சகக்காரரிடம் முதல் வேலையாக ஒரு உறுதிமொழி எழுதி வாங்கினேன். 'ஓர் எழுத்தையும் மாற்றாமல் உள்ளது உள்ளபடி அச்சிடுவேன்.' காரணம் இருக்கிறது. எண்பத்து நான்கில் நான் 'எரியும்' என்று எழுதிக்கொடுத்த நோட்டீஸை, ஒரு அச்சகக்காரர் பயந்துபோய் 'எழும்' என்று அடித்துவிட்டார். 'மில் எழும்' என்று ஊர் முழுக்க ஒட்டினோம். முதலாளி சந்தோஷப்பட்டிருப்பார். அன்றிலிருந்து நான் எந்த அச்சகத்தையும் நம்புவதில்லை.

இரண்டு நாள் கழித்து அங்கிருந்து போன். "ஐயா, எழுத்தெல்லாம் ஒரு மாதிரி இருக்கே, இப்பிடித்தான் இருக்கணுமா?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அதே பயம், அதே பேச்சு! "என் எழுத்து ஒரு மாதிரித்தான் இருக்கும். உறுதிமொழி கொடுத்திருக்கிறீர்கள். ஒரு புள்ளியைக்கூடத் தொடக் கூடாது" என்றேன்.

"அப்படியே அடிச்சுரட்டுமா?"

"அப்படியே!"

அடித்தார். சொன்ன சொல் தவறவில்லை. முதல் பிரதியை அச்சகத்திலிருந்தே நேராக ஞானதுரைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லியிருந்தேன். அதையும் அனுப்பிவிட்டார். மற்ற கட்டுகள் விழா அன்று காலை மண்டபத்துக்கே வந்து இறங்கின. அட்டையைப் பார்த்தேன். அட்டை வேறொருவர் படமாகச் செய்து கொடுத்தது, பிரமாதமாக இருந்தது. உள்ளே நான் பார்க்கவில்லை. எனக்கு மனப்பாடமான புத்தகத்தை நான் எதற்குப் பார்க்க வேண்டும்?

நாற்பது நாற்காலி போட்டு முப்பது நிரம்பியது. பழைய மில் தோழர்கள், அவர்கள் பேரப்பிள்ளைகள். கோமதி டீ கேனோடு ஓரத்தில் நின்றாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரைத் தலைமைக்குக் கூப்பிட்டிருந்தேன். ரிப்பனைப் பிரித்தார், புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "ஒரு பகுதியை வாசியுங்கள்" என்றேன். திறந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார், "இதை எந்த மொழியில எழுதுனீங்க?"

வாங்கிப் பார்த்தேன். ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஒரு அரைப்புள்ளி. பக்கம் பக்கமாக அப்படி. பிறகு நஸீமா சொன்னாள், அதுதான் 'தமிழ்' என்ற சொல்லாம். தடித்த எழுத்தில் வேறு.

நான் மைக்கைப் பிடித்து ஏதோ சொல்ல வாய் எடுப்பதற்குள், தலைமையாசிரியர் புரட்டிக்கொண்டே போய், "ஆ, இங்க தமிழ் இருக்கு!" என்றார். அந்த மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம். நூற்றுப் பதினொன்றாம் பக்கம். ஞானதுரையின் கடிதம். இனாமாக வந்த எழுத்து, எட்டுப் பாயிண்ட். அது மட்டும் முத்து முத்தாக இருந்தது. பள்ளிக்கூடத்துக் குரலில் கணீரென்று வாசித்தார். எனக்கு மனப்பாடம், சொல்கிறேன் கேளுங்கள்.

'தோழர் ஆவுடையப்பனுக்கு. கையெழுத்துப் போட்டது நான்தான். வேறு யாரையும் பழி சொல்லாதே. கஞ்சித்தொட்டி அணைந்து மூன்று நாள் ஆகியிருந்தது. சிறையில் அடித்ததில் உனக்கு ஒரு காது போய்விட்டது என்று வக்கீல் வந்து சொன்னார். இன்னும் ஒரு வாரம் நின்றிருந்தால் ஜெயித்திருப்போம் என்பாய். ஜெயித்திருக்கலாம். யார் யார் மிஞ்சியிருப்போம் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. முடித்துவிடுங்கள் என்று என் வீட்டுப் படியில் வந்து நின்றவர்களில் உனக்கு மிகவும் வேண்டிய ஒருவரும் உண்டு. யாரென்று கேட்காதே. செத்தாலும் சொல்ல மாட்டேன். நீ கோபித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அது நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.'

வாசித்து முடித்ததும் கைதட்டினார்கள் தோழரே. என் விழாவில், என் மைக்கில், அவனுக்கு! ஸ்பின்னிங்கில் இருந்த கிழவர் ஒருவர், "ஞானதுரை என்னமா எழுதியிருக்கான்யா" என்று மூக்கைச் சிந்தினார். கோமதியைப் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு, டீ கேன்மேல் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுகிறாள். ஐந்நூறு புத்தகம் வீணாகிவிட்டதே என்று. என் எழுத்தின்மேல் அவளுக்கு அவ்வளவு பற்று. படிக்கத் தெரியாதே தவிர.

அவளும் சும்மா இருந்தவள் இல்லை. அந்தக் கஞ்சித்தொட்டியில் முந்நூறு பேருக்குக் கஞ்சி காய்ச்சியவள் அவள்தான். அரிசி தீர்ந்த அன்று வெறும் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாளாம். அதைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறேன். 'துணைவியார் கோமதி நாற்பத்தொரு நாளும் இம்மியும் தளரவில்லை.' அவளிடம் கேட்டு எழுதவில்லை. கேட்க வேண்டியதில்லை. நான் அறிவேன்.

மறுநாள் நஸீமா கடைக்குப் போனேன். "சட்டையைக் கழட்டி அனுப்பிட்டீங்களே ஐயா" என்றாள். யூனிகோடுக்கு மாற்றச் சொன்னேன். இது பின்வாங்கல் அல்ல தோழரே, உத்தி. இதோ, இந்தச் சாக்கில் இருப்பது அந்தத் திருத்திய பதிப்பு. ஒன்றைப் பிரித்துப் பாருங்களேன். நன்றாக இருக்கிறதா? இதை நான்தான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அச்சாகி வந்தபிறகுதான் அவள் சொல்கிறாள், துரோகியின் கடிதத்துக்குப் போட்ட அதே எழுத்தாம். "நீங்கதான ஐயா இது நல்லா வாசிக்க முடியுதுன்னு சொன்னீங்க" என்கிறாள். போகட்டும், தடித்ததாகத்தான் போட்டிருக்கிறேன். அவனுடையது மெலிந்தது.

அச்சுக்குப் போகும் முன் ஒரு தடவை சத்தமாக வாசித்துப் பார்க்கச் சொன்னாள். வீட்டில் கோமதியை உட்காரவைத்து வாசித்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வந்ததும், "இருங்க" என்றாள். "அந்த எடத்துல என்ன இருக்கு?"

"புள்ளிக்கோடு."

"எதுக்கு?"

"அந்தப் பெயரை அவன் எழுதுவதற்கு."

"அவரு எழுதலைன்னா?"

"காலியாகவே கிடக்கும். நான் செத்தாலும் கிடக்கும்."

தாளை வாங்கி அந்தப் புள்ளிகளின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். "அம்புட்டு நீளம் வேண்டியிருக்காது" என்றாள். பெண்களுக்கு இடம் வீணாவது பிடிக்காது.

அந்த வாரம்தான் ஞானதுரையின் கார்டு வந்தது. முப்பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு. இதோ, சட்டைப் பையிலேயே இருக்கிறது. படிக்கிறேன்.

'தோழர் ஆவுடைக்கு. புத்தகம் வந்து சேர்ந்தது. முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு வாரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரே ஆறு குறிகள் பக்கத்துக்குப் பத்துத் தடவை வருவதைக் கண்டுபிடித்தேன். நீ பேசினால் பத்துத் தடவை வருகிற சொல் எனக்குத் தெரியாதா? அது தோழர் என்று வைத்துப் பார்த்தேன், திறந்துகொண்டது. இப்போது ஒரு நாளைக்கு ஒரு பக்கம் நோட்டில் பெயர்த்து எழுதி வாசிக்கிறேன். நாற்பத்தாறாம் பக்கத்தில் இருக்கிறேன். என்னை நன்றாகத் திட்டியிருக்கிறாய். நடை அப்படியே இருக்கிறது. கண்தான் வலிக்கிறது. கோமதியைக் கேட்டதாகச் சொல்.'

ஒரு மனிதனை இதைவிட எப்படி அவமானப்படுத்த முடியும்? என் புத்தகத்தை ஒரு வரி விடாமல் படிக்கிற ஒரே ஆள் அவன்! கோமதி அதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு, "அந்தப் புள்ளி வச்ச பக்கத்துக்கு அவரு வந்துட்டாரா?" என்றாள். "எங்கே, நாற்பத்தாறில்தான் இருக்கிறான்" என்றேன். உடனே, "நூத்திப் பன்னெண்டுக்கு அவரு வந்து சேர்றதுக்குள்ள நாம போயிரணும்" என்றாள்.

நான் கணக்குப் போட்டேன். இன்றைக்கு அவன் அறுபதாம் பக்கத்தில் இருப்பான். நல்ல யோசனைதான். அந்தச் சவாலை அவன் தனியாக நோட்டில் பெயர்த்துப் படிக்கக் கூடாது. நல்ல தமிழில், தடித்த எழுத்தில், நானே அவன் மூக்குக்கு முன்னால் விரித்து நீட்ட வேண்டும். பேனாவையும் நீட்ட வேண்டும். "நானும் வாரேன்" என்றாள் கோமதி. வரட்டும். சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டும். பொய்யன் முகம் எப்படிச் சுருங்குகிறது என்று அவளும் பார்க்கட்டும்.

நாங்குநேரி தாண்டிவிட்டதா? பேச்சில் தெரியவில்லை. அதோ, எழுந்து வருகிறாள் பாருங்கள். பார்த்து வா, பஸ் ஆடுகிறது.

"அந்தச் சாக்குல ஒண்ணு எடுத்துக் குடுங்க."

எதற்கு? அங்கே போய்க் கொடுத்தால் போதாதா?

"குடுங்க. அந்தப் புள்ளி வச்ச பக்கத்தை எடுத்துக் குடுங்க."

கொடுத்துவிட்டேன். ஒத்திகை பார்க்கிறாள் போல. பார்த்தீர்களா தோழரே, என்னைவிட அவளுக்குத்தான் ஆத்திரம்.

"பேனா இருக்கா?"

இருக்கிறது. இந்தா. அவனுக்கு நீட்டக் கொண்டுவந்தது, தொலைத்துவிடாதே.

கண்டக்டர் வள்ளியூர் என்று கத்துகிறார். ஒரு கை பிடியுங்கள் தோழரே, சாக்கு கனக்கிறது. இவளென்ன, இறங்குகிற நேரத்தில் உங்கள் சீட்டு விளிம்பில் புத்தகத்தை வைத்துக் குனிந்துகொண்டிருக்கிறாள். பேனாவை எப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறாள் பாருங்கள். என்னத்தை எழுதப் போகிறாள்? அவளுக்குத் தன் பெயரைத் தவிர வேறொன்றும் எழுதத் தெரியாதே.